வீட்டு ஹியூமிடிஃபையருக்கு 45 நாளில் எஃப்டிஏ சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

பனிக்காடு:
வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மினியாபோலிஸில் இருக்கிறேன். மச்சானுக்குக் கோவை கணபதியில் சின்னப் பட்டறை, பம்பு உதிரிபாகம் செய்கிறவர். போன குளிர்காலத்தில் இங்கே வந்து ஒரு மாதம் தங்கியவருக்குத் தினமும் காலையில் மூக்கில் ரத்தம். இரவெல்லாம் ஹீட்டர் ஓடும் வீடு, ஈரப்பதமானி 14 சதவீதம் காட்டியது. ஊருக்குப் போனதும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 300 மில்லி தண்ணீர்த் தொட்டி, அடியில் ஹீட்டர் தட்டு, ஒரு விசிறி, குட்டையான குழாய், அதன் நுனியில் சிலிகோன் கிண்ணம் என்று ஒன்றைச் செய்து அனுப்பினார். கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டால் இளஞ்சூடான ஈரக்காற்று வருகிறது. நான் நாற்பது நாள் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது இதை அமெரிக்காவில் விற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெட்டிக்கு 3000 அட்டைகூட அச்சடித்துவிட்டார்: "சைனஸ், ஆஸ்துமா, குறட்டை, வறட்டு இருமல் அனைத்துக்கும் நிவாரணம்". ஒரு ஆலோசகர் ஐந்து லட்சம் கொடுத்தால் 45 நாளில் "எஃப்டிஏ அப்ரூவ்டு", அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது என்ற சான்றிதழ் கையில் என்கிறாராம். மாதிரிச் சான்றிதழும் வாட்ஸப்பில் வந்தது, கழுகுப் படம், தங்க நிற முத்திரை எல்லாம் போட்டு. உண்மையா?

கோப்புத்தின்னி:
மருத்துவக் கருவி நிறுவனங்களுக்குக் கோப்பு எழுதுவதுதான் என் பிழைப்பு, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் அந்த ஐந்து லட்சத்தை யாரும் தொடாமல் இருக்கட்டும்.

எஃப்டிஏ கருவிக்காரர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் என்று எந்தக் காகிதமும் தருவதில்லை. கழுகு போட்டதும் இல்லை, போடாததும் இல்லை. இப்படிச் சான்றிதழ் அச்சடித்து விற்கிறவர்களுக்கு 2021-இல் எஃப்டிஏவே கடிதம் அனுப்பி நிறுத்தச் சொன்னது. உங்கள் ஆலோசகர் செய்யப்போவது இவ்வளவுதான்: எஃப்டிஏ தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்வார், கருவியைப் பட்டியலில் சேர்ப்பார், அந்தப் பதிவு எண்ணைத் தங்க முத்திரைக்குள் எழுதிக் கொடுப்பார். பதிவு என்றால் "நாங்கள் இங்கே இருக்கிறோம், இதைச் செய்கிறோம்" என்று தகவல் கொடுப்பது, அவ்வளவே. அதைக் காட்டி அங்கீகாரம் பெற்றது போலத் தோற்றம் கொடுத்தால் அதுவே மிஸ்பிராண்டிங், அதாவது பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் குற்றம், எஃப்டிஏ விதி 807.39 அதைத்தான் சொல்கிறது.

அப்புறம், "அப்ரூவ்டு" என்பது இதயவால்வு மாதிரி ஆபத்து மிக அதிகமான மூன்றாம் வகுப்புக் கருவிகள் போகும் பாதைக்கான சொல். இரண்டாம் வகுப்புக் கருவிகளில் பெரும்பாலானவை 510கே வழியாகப் போய் "க்ளியர்டு" ஆகின்றன. ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு உங்களுடையது அடிப்படையில் சமம் என்று காட்டுவதுதான் 510கே. அந்தப் பழைய கருவியை பிரெடிகேட் என்பார்கள். ஆபத்து குறைந்த முதல் வகுப்பில் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் வேண்டாம். க்ளியர்டு ஆன கருவியை அப்ரூவ்டு என்று விளம்பரம் செய்தாலும் அது தவறுதான்.

உங்கள் கருவி எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னொன்று அந்தக் கிண்ணம். மூக்கையும் வாயையும் மூடுகிறதா, சும்மா முன்னால் நிற்கிறதா?

பனிக்காடு:
ஒரு பட்டை இருக்கிறது, மாட்டிக்கொண்டு படுக்கலாம். ஓரம் முகத்தில் படும். முழுக்க அடைக்காது, இரண்டு ஓட்டை விட்டிருக்கிறார்.

தறிக்காரன்:
எனக்குப் புரியவில்லை. வால்மார்ட்டில் முப்பது டாலருக்கு ஹியூமிடிஃபையர் அடுக்கி வைத்திருக்கிறான். அவனெல்லாம் எஃப்டிஏ வாசலில் நின்றா விற்கிறான்? தண்ணீரைச் சூடாக்கி ஊதுகிற பெட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? எங்கள் ஆத்தா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க யாரிடமும் உத்தரவு வாங்கவில்லை.

கோப்புத்தின்னி:
தறிக்காரரே, நல்ல கேள்வி. வால்மார்ட் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். "காற்றுக்கு ஈரம் சேர்க்கும்", "வறட்சியைக் குறைக்கும்", அதோடு நிற்கும். நோயின் பெயர் இருக்காது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பொருளை மருத்துவக் கருவி ஆக்குவது அதன் உள்ளே இருக்கும் மோட்டாரோ ஹீட்டரோ அல்ல. நோயைக் கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க என்று அதை எதற்காக விற்கிறீர்கள் என்ற நோக்கம்தான். நோக்கத்தை எங்கே பார்ப்பார்கள்? பெட்டி, கையேடு, இணையதளம், விளம்பரம், விற்பனையாளர் வாய்விட்டுச் சொல்வது வரை எல்லாம் கணக்கு, விதி 801.4. ஒரே பெட்டி, ஒரே ஹீட்டர். "அறைக்கு ஈரம்" என்றால் வீட்டுச் சாமான். "ஆஸ்துமாவுக்கு நிவாரணம்" என்றால் மருத்துவக் கருவி.

வீட்டுச் சாமானாக விற்றால் எஃப்டிஏ வராது. ஆனால் பெரிய கடைக்காரன் யூஎல் 998 கேட்பான், ஹியூமிடிஃபையருக்கான மின் பாதுகாப்புத் தரம் அது. எஃப்டிஏ இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

கருவியாக விற்றால் இரண்டு வீடு இருக்கிறது. முதலாவது விதி 868.5460, வீட்டு உபயோகச் சிகிச்சை ஹியூமிடிஃபையர். முதல் வகுப்பு, 510கே தேவையில்லை. ஆனால் வரையறையைப் படியுங்கள், ஒரு வரி முக்கியம்: ஆவி நோயாளியைச் சுற்றியுள்ள இடத்தில் பரவ வேண்டும், அவர் வழக்கம்போல மூச்சு விடும்போது அது உள்ளே போக வேண்டும். அதாவது அறையில் வைத்துவிட்டுத் தூங்குவது. இரண்டாவது 868.5450, சுவாச வாயு ஹியூமிடிஃபையர். நோயாளிக்குச் செலுத்தும் மூச்சுக்காற்றுக்கு ஈரமும் சில நேரம் சூடும் சேர்ப்பது. இது இரண்டாம் வகுப்பு, 510கே வேண்டும். மருத்துவமனை வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹியூமிடிஃபையர் இந்த வீட்டுக்காரன்தான். நாசிக்குழாய் வழியாகச் சூடான ஈரக்காற்று தரும் ஃபிஷர் அண்ட் பைக்கலின் ஏர்வோ வகைகளை நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வைத்துக்கொள்ளவும் அதில் ஒரு மாதிரி உண்டு.

மச்சானின் பெட்டி கிண்ணம் இல்லாமல் மேசையில் நின்றால் முதல் வீடு. கிண்ணத்தைப் பட்டை போட்டு முகத்தில் மாட்டியதும், என் வாசிப்பில், இரண்டாவது வீட்டுப் படி ஏறிவிட்டது. ஆவி "சுற்றிப் பரவவில்லை", குழாய் வழியே நேராக மூக்குக்குப் போகிறது.

பனிக்காடு:
அந்தக் கிண்ணம்தான் ஐயா இதன் விசேஷமே! அது இல்லாவிட்டால் இன்னொரு முப்பது டாலர் பெட்டி.

பழைய_பாய்லர்:
குறுக்கே வருகிறேன், பௌதிகம் மட்டும். வெளியே மைனஸ் 15 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். ஆக உள்ளே ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து 14-க்கு ஏற்றியிருக்கிறது. நுரையீரலுக்குள் 37 டிகிரியில் முழு ஈரமாக, லிட்டருக்கு 44 மில்லிகிராம் இருக்க வேண்டும். மிச்சத்தை மூக்கு கொடுக்கிறது, அதனால்தான் மூக்கு வெடிக்கிறது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்கு மூக்கு என்ற இயற்கைக் கருவியே வழியில் இல்லை. அதனால்தான் அவர்களுக்கான கருவி லிட்டருக்குக் குறைந்தது 33 மில்லிகிராம் தர வேண்டும் என்று தரம் கேட்கிறது. உங்கள் கிண்ணத்தில் எவ்வளவு வருகிறது, அளந்தீர்களா?

பனிக்காடு:
இல்லை. கண்ணாடியைக் காட்டினால் ஆவி படிகிறது...

கோப்புத்தின்னி:
:) அந்தக் கண்ணாடிப் படத்தை எஃப்டிஏவுக்கு அனுப்ப முடியாது.

வார்டு_அக்கா:
இருபது வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள். விதியெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும், நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

2008 டிசம்பர் கடைசியில் சைப்ரஸில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் புதிதாக ஒரு ஹியூமிடிஃபையர் வைத்தார்கள். மீயொலியால் குளிர்ந்த பனிமூட்டம் விடுகிற வகை, கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி. அந்த அறையில் இருந்த 32 குழந்தைகளில் 9 பேருக்கு லெஜியோனெல்லா என்ற தண்ணீர்க் கிருமியால் நிமோனியா, 3 குழந்தைகள் இறந்துபோனார்கள். காரணம் தொட்டித் தண்ணீரில் இருந்த கிருமி. வெறும் தண்ணீர்தானே என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆவி வகையும் மீயொலி வகையும் ஒன்றல்ல. கொதிக்க வைத்து ஆவியாக்கினால் கிருமி பெரும்பாலும் செத்துவிடும், உப்பும் தொட்டியிலேயே தங்கிவிடும், ஆனால் கவிழ்ந்தால் சூட்டுக்காயம். மீயொலித் தட்டு தண்ணீரைத் துளித்துளியாக உடைத்து எறிகிறது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, கிருமி எல்லாம் துளியோடு சேர்ந்து பறக்கும். மேசை மேல் படியும் அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுக்குள்ளும்தான் போகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே உப்பு குறைந்த தண்ணீரை ஊற்றச் சொல்கிறது. தம்பியின் பெட்டி இடைப்பட்டது, அதுதான் எனக்குப் பயம். இளஞ்சூடு என்கிறீர்கள், எத்தனை டிகிரி? 35, 40 டிகிரியில் நிற்கும் தண்ணீர் லெஜியோனெல்லாவுக்குத் தாய்வீடு. இரவு ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டாமல், மறுநாள் அதன் மேலேயே ஊற்றுகிறீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

பனிக்காடு:
அக்கா... ஆமாம். சில நாள். 38 டிகிரி வரை போகும்.

சுவோன்வாசி:
அக்கா சொன்னதைப் படித்ததும் கைசும்மா இருக்கவில்லை. கொரியாவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், அங்கே இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். தொட்டியில் பாசி பிடிக்கக் கூடாது என்று தண்ணீரில் கலக்கிற கிருமிநாசினி 1994-இலிருந்து அங்கே கடைகளில் விற்றது. தாய்மார்கள் குழந்தைக்கு நல்லது என்று நம்பித்தான் ஊற்றினார்கள். 2011 வசந்தத்தில் சியோல் மருத்துவமனையில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு வரிசையாக வந்தார்கள், அப்புறம்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவற்றில் பலவற்றில் இருந்த பிஎச்எம்ஜி என்ற ரசாயனத்தைக் கம்பளத்தில் கிருமி வராமல் தடுப்பதற்கு என்று பரிசீலித்திருந்தார்கள், மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. அரசு அங்கீகரித்த பாதிப்பாளர்களே 5000 பேருக்கு மேல். தயவு செய்து உங்கள் கையேட்டில் "இரண்டு சொட்டு டெட்டால்" என்று எதையும் எழுதிவிடாதீர்கள்.

தறிக்காரன்:
சரி, நொச்சி விஷயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தைலம் போடலாமா? இரண்டு சொட்டு யூகலிப்டஸ்?

கோப்புத்தின்னி:
போட்டால் இன்னும் மோசம். "மூக்கடைப்பைத் திறக்கும்" என்று தைலத்தோடு விற்றால் அது மருந்து, எஃப்டிஏவின் வேறு வாசல். அதோடு தைலம் பட்ட பிளாஸ்டிக் விரிசல் விடும், இளகும், அதுவும் மூச்சுப்பாதையில்.

இப்போது பனிக்காட்டாருக்கு 510கே பாதையில் எவ்வளவு வேலை என்று சொல்லிவிடுகிறேன், பிறகு முடிவெடுங்கள். 2025 நிதியாண்டில் 510கே கட்டணம் 24,335 டாலராக இருந்தது, சிறுதொழில் தகுதி வாங்கினால் 6,084. ஆண்டுப் பதிவுக் கட்டணம் தனி, அந்த ஆண்டில் அது 9,280 டாலராக இருந்தது, அதில் பொதுவாகச் சிறுதொழில் தள்ளுபடி கிடையாது. முதல் வகுப்பில் போனாலும் இந்தப் பதிவுக் கட்டணம் உண்டு, ஒவ்வொரு வருடமும் உண்டு. வெளிநாட்டுத் தொழிற்சாலை என்பதால் அமெரிக்காவில் ஒரு முகவரும் வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம், எஃப்டிஏ போன் அடித்தால் எடுக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை 90 நாள் என்பார்கள், ஆனால் அது எஃப்டிஏவின் கையில் கோப்பு இருக்கும் நாள் கணக்கு. கேள்வி கேட்டு உங்களிடம் திருப்பினால் கடிகாரம் நின்றுவிடும், பதில் சொல்ல 180 நாள். 2023 அக்டோபரிலிருந்து ஈஸ்டார் என்ற மின்படிவத்தில்தான் தர வேண்டும், ஒரு பெட்டியைக் காலியாக விட்டாலும் அது கேள்வி கேட்கும். 45 நாள் என்கிறவர் இதில் எதையும் செய்யப்போவதில்லை என்பது இதிலேயே தெரியும்.

செலவு கட்டணத்தில் இல்லை, சோதனையில் இருக்கிறது. ஈரம் எவ்வளவு, நுனியில் சூடு எவ்வளவு, தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும், இதற்கு ஐஎஸ்ஓ 80601-2-74 என்ற சர்வதேசத் தரம். காற்று போகும் பாதையில் உள்ள பிளாஸ்டிக், சிலிகோன், விசிறி மோட்டார் கிரீஸ், இவற்றிலிருந்து தூசியும் ஆவியாகும் ரசாயனமும் வருகிறதா என்று பார்க்க ஐஎஸ்ஓ 18562 தொடர். சூடான ஈரம் படுகிற இடம் என்பதால் படிந்த நீரில் என்ன கரைந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 2021-இல் பிலிப்ஸ், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தன் சிபேப் கருவிகளைத் திரும்பப் பெற்றதும் மூச்சுப்பாதையில் இருந்த ஒலி அடக்கும் நுரை சிதைந்ததால்தான். பெரிய கம்பெனிக்கே அப்படி. மின்சாரத்துக்கு ஐஇசி 60601-1, வீட்டு உபயோகத்துக்கு அதன் 1-11 பகுதி. உங்கள் பெட்டியின் பிளக் எத்தனை பின்?

பனிக்காடு:
மூன்று பின். ஹீட்டர் தட்டு உலோகம், எர்த் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு என்று பெருமையாகச் சொன்னார்.

கோப்புத்தின்னி:
பட்டறைக்கு அது பாதுகாப்பு. வீட்டு மருத்துவக் கருவிக்கு அது தோல்வி. வீட்டுச் சுவரில் எர்த் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதுதான் 1-11-இன் நிலை. செருகி எடுக்கிற கருவி எர்த்தை நம்பாமல் இரட்டைக் காப்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரியில் ஓட வேண்டும். ஐபி21 அளவுக்காவது தண்ணீர் சொட்டினால் தாங்க வேண்டும். ஆக ஹீட்டர் பகுதியை அடியிலிருந்து மாற்ற வேண்டும். சோதனைக் கூடத்துக்கு அனுப்பிய பிறகு தெரிந்திருந்தால் அந்தப் பணம் தண்ணீரில்.

பழைய_பாய்லர்:
24 வோல்ட் அடாப்டர் போட்டால் தீர்ந்தது. மருத்துவத் தரத்து அடாப்டர் சான்றிதழோடு வெளியில் கிடைக்கும், பெட்டிக்குள் மெயின் மின்சாரமே வராது. 300 மில்லிக்கு, எட்டு மணி நேரத்துக்கு, ஆவியாக்க மட்டும் 25 வாட் சொச்சம்தான் ஆகும். காற்றைச் சூடாக்கவும் வீணாகிறதுக்கும் சேர்த்து அறுபது வாட் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்திபுரம்_பஸ்:
ஊர்ப் பக்கம் ஒரு வார்த்தை. அமெரிக்காவை மட்டும் பேசுகிறீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மருத்துவ நோக்கம் சொல்லும் எல்லாக் கருவியும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புக்கு மாநில அதிகாரி, ஆபத்து கூடிய சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரி. ஏ, பிக்கு 2022 அக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயம், ஏ வகுப்பில் கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத கருவிகளுக்கு மட்டும் உரிமம் வேண்டாம், பதிவு போதும். கணபதியில் செய்து இங்கேயும் "ஆஸ்துமா நிவாரணம்" என்று விற்றால் அந்தக் கதவையும் தட்டியாக வேண்டும். எங்களுக்கு ஒரு முறை அட்டை வாசகத்தால் மட்டுமே கோப்பு திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, தப்பு எங்களுடையதுதான்.

பனிக்காடு:
நேற்று இரவு மச்சானோடு இரண்டு மணி நேரம் போன். முதல் அரை மணி நேரம் திட்டினார், என்னை அல்ல, ஆலோசகரை. முன்பணம் கொடுக்கவில்லை, நல்ல வேளை.

இப்போதைக்கு முடிவு: கிண்ணமும் பட்டையும் இல்லாத மேசைப் பெட்டி ஒன்று, நோய் எதையும் சொல்லாமல், "குளிர்காலத்தில் அறைக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும்" என்று வீட்டுச் சாமானாக. அடாப்டரோடு, யூஎல் சோதனையோடு. கிண்ணத்தை விட மனசில்லை என்கிறார், அதை இரண்டாவது கட்டமாக 510கே பாதையில் பார்க்கலாம், அதற்குள் ஈரத்தை அளக்க ஒரு கூடம் தேடலாம். ஒரு சந்தேகம் கோப்புத்தின்னி ஐயா, மேசைப் பெட்டியை விற்றுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் தனி உதிரிபாகமாக இணையத்தில் போட்டால்?

கோப்புத்தின்னி:
நினைத்தேன், யாராவது கேட்பார்கள் என்று. நோக்கம், நோக்கம், நோக்கம். கிண்ணம் எதற்கு என்று ஒரு வாடிக்கையாளர் கேட்பார், நீங்கள் "மூக்குக்கு இதமாக" என்று ஆரம்பித்து "சைனஸுக்கு நல்லது" என்று முடிப்பீர்கள். அங்கேயே அது கருவியின் துணைப்பாகம் ஆகிவிட்டது. பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வகைப்பாட்டில் சந்தேகம் என்றால் ஊகிக்காமல் எஃப்டிஏவிடமே 513ஜி என்று எழுதிக் கேட்கலாம். 2025 நிதியாண்டில் அதற்கு 7,301 டாலராக இருந்தது, சிறுதொழிலுக்குப் பாதி. அந்த ஐந்து லட்சத்துக்கு எழுத்தில் ஒரு பதிலாவது வரும்.

தறிக்காரன்:
3000 அட்டையை என்ன செய்யப் போகிறார்?

பனிக்காடு:
உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி மடித்து பம்பு உதிரிபாகம் அனுப்புகிறாராம்.

வார்டு_அக்கா:
தம்பி, அட்டை இருக்கட்டும். தொட்டியைத் திறந்து உள் மூலைகளைப் படம் எடுத்துப் போடுங்கள். விரல் நுழைந்து தேய்க்கிற அளவுக்கு வாய் இருக்கிறதா, தண்ணீரைக் கவிழ்த்தால் கடைசிச் சொட்டு வரை வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இன்று இரவு அதைப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள்.